இரண்டு பேரிடமும் இரண்டு விதமாகச் சொன்னேன்

என் மகன் தேவாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. உடம்பு சரியில்லை, அதனால்தான் பதில் போடவில்லை என்று ஒரு வரி எழுதினால் நீ நம்பிவிடுவாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எழுதியிருந்த ஒரு இடத்தைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. பம்ப் கம்பெனி தொடங்கி ஒன்றரை வருஷத்துக்குள் ஆறு பேராக இருந்தவர்கள் நாற்பது பேராகிவிட்டீர்கள் என்றும், பட்டறையைப் பார்க்கும் வரதனும் ஆர்டர் பிடிக்கும் கண்ணனும் இப்போது நேருக்கு நேர் பேசுவதே இல்லை என்றும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாய்: "நீங்கள் கவலைப்படாதீர்கள் அம்மா. உங்களைப் பார்த்துக் கற்றதைத்தான் செய்கிறேன். அவனிடம் ஒரு மாதிரி, இவனிடம் ஒரு மாதிரி பேசி இழுத்துக்கொண்டு போகிறேன். மாமா மட்டும் யோக்கியமாக இருந்திருந்தால் உங்கள் முறை கடைசிவரை பலித்திருக்கும்."

தேவா, உன் மாமா யோக்கியன். நான்தான் யோக்கியமில்லாதவள். இதை நான்கு வருஷத்துக்கு முன்பே, உன் அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போதும் உன் கடிதத்தில் என் பெயரை ஒரு நல்ல உதாரணமாக நீ எழுதியிராவிட்டால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. இந்தக் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

எழுபத்தொன்றாம் வருஷம் நாம் இறால் கம்பெனி ஆரம்பித்தபோது நீ பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். விடுமுறைக்கு வந்த நாட்களில் பார்த்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். அப்பா அதற்கு முன்னால் ஐஸ் ஃபாக்டரியில் மெக்கானிக். மிஷின் மேல் கையை வைத்ததுமே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லுகிற மனுஷன். சாமு மாமா கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. யாரிடமும் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்வான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. விசைப்படகுகள் பெருகிக்கொண்டே போயின. வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் கடல் இறால் எவ்வளவு போட்டாலும் போதவில்லை. பழைய ஹார்பருக்குப் பின்னால் உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு பழைய கம்ப்ரஸர், இறால் உரிக்கப் பன்னிரண்டு பெண்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் முதலில் வந்தவள் ரெஜினா. அவள் புருஷன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். சங்குக் குளிப்பு வருஷத்தில் சில மாதந்தானே, மீதி மாதங்களுக்கு வீடு ஓட வேண்டும் என்று வந்தாள். ஒரு மாதத்துக்குள் மற்றப் பெண்களுக்கு வேலை சொல்லுகிறவளாகிவிட்டாள். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்த பிறகும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்றே வருஷத்தில் அந்தப் பன்னிரண்டு பேர் நூற்றெண்பது பேரானார்கள். வளர்வது சந்தோஷம் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு அது ஓடுகிற பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்றுகிற வேலையாகத்தான் இருந்தது. சாமு ஆர்டர் கொண்டுவந்துகொண்டே இருப்பான். வந்ததைத் தட்டினால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும், அப்புறம் நம் வாசலுக்கு வராது என்பான். அது உண்மை. அப்பா, இந்த மிஷின் இவ்வளவுதான் தாங்கும், சரக்கு கெட்டு ஒரு தடவை திரும்பி வந்தால் நம் பெயரே போச்சு என்பார். அதுவும் உண்மை. ரெஜினா, புதுப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்க எனக்கு நேரம் கொடுங்க டீச்சர் என்பாள். அதைப்போல உண்மை வேறில்லை. மூன்று பேரும் சரி. கணக்கு டீச்சராக இருந்த எனக்கு ஒரு கேள்விக்கு மூன்று சரியான விடை இருக்கலாம் என்பது பிடிபடவே இல்லை. யாரோ ஒருவர் தப்பு, அவரை நைசாகச் சமாளித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

முதல் தடவை பொய் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. வேம்பாரிலிருந்து வேனில் வந்த இறால் வழியில் இளகிவிட்டது. அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை என் ஃப்ரீசர்ல ஏத்த மாட்டேன். அவன்கிட்டச் சொல்லிரு" என்றார். சாமுவோ வேம்பார் படகுக்காரர்களிடம், வருகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தான். "அத்தான் இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொன்னா நான் எப்படிக்கா அந்த ஊருக்குத் திரும்பிப் போறது?" என்றான். நான் அப்பாவிடம், "தம்பி ஒத்துக்கிட்டான், இனிமே பார்த்து எடுக்கேன்னு சொல்லுதான்" என்றேன். சாமுவிடம், "அத்தானுக்கு உன் மேல கோவமே இல்ல, நீ ஓடி அலையுதத நெனச்சு வருத்தப்படுதாவ" என்றேன். இருவரும் அப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டு ஒன்றாகக் காப்பி குடித்தார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வீட்டையும் கம்பெனியையும் ஒரே கையால் தூக்கி நிறுத்துகிறேன் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர்கள் இருவரும் நேரில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று ஆகிப்போனது. அப்பா மிஷின் அறையில், சாமு ஆபீஸ் அறையில், நடுவில் இருக்கும் முற்றத்தை நாளைக்கு இருபது தடவை நான் கடப்பேன். ஒரு தடவை எனக்கு ஜுரம் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். நான் இல்லாததால் இருவரும் நேரில் சந்தித்தாக வேண்டியிருந்தது. ரெஜினா என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள்: "நேத்து ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் போட்ட சத்தத்துல கொட்டகையில ஒருத்திக்கும் கை ஓடல டீச்சர். அண்ணாச்சி ஸ்பேனரைத் தூக்கிக் கீழ எறிஞ்சுட்டாவ. அப்புறம் என்ன ஆச்சோ, ரெண்டு பேரும் வெளிய வந்து தரையில கரித்துண்டை வச்சுக் கோடு போட்டு என்னவோ படம் வரையுதாவ." அவர்கள் வரைந்தது வேனுக்குள் ஒரு மரப்பெட்டி. இங்கிருந்து போகும்போதே ஐஸை நொறுக்கி நிரப்பிக்கொண்டு போய், வேம்பார்க் கரையிலேயே இறாலை அதில் போட்டுக் கொண்டுவருவது. இரண்டு வருஷமாக நான் முற்றத்தைக் கடந்து கடந்து தீர்க்காததை அவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டுத் தீர்த்துவிட்டார்கள். சாமுவுக்கு வாக்குத் தவறவில்லை, அப்பாவுக்குச் சரக்குக் கெடவில்லை. இருவரில் ஒருவர் மட்டும் தனியாக யோசித்திருந்தால் அது தோன்றியிருக்காது.

மகனே, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. நான் இல்லாமலே இவர்களால் முடிகிறதென்றால், நான் எதற்கு என்று தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஜுரம் தணிந்ததும் எழுந்து போய், "ஏன் இப்படித் தொழிலாளிங்க முன்னால கத்துதீங்க, மானம் போகுது, எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க" என்று இருவரையும் கண்டித்தேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவர்கள் அப்படிச் சண்டை போடவே இல்லை. எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார்கள்.

இனி அந்த வாரத்தைச் சொல்கிறேன். ஃப்ரீசர் அறைக்குப் போகும் அமோனியாக் குழாயில் ஒரு வால்வு சரியில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வந்து, "ஏளா, இதுக்கு மேல வச்சு ஓட்ட முடியாது. நான் மதுரைக்குப் போயி வால்வு பார்த்து வாங்கிட்டு வாரேன், நாலஞ்சு நாளாகும். புதன்கிழமையோட மிஷினை நிறுத்திரச் சொல்லு. அதுவரைக்கும் பாதி லோடுதான். சாமுட்டத் தெளிவாச் சொல்லிரு" என்றார். நான் சாமுவிடம் போனேன். அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். கப்பல் சனிக்கிழமை புறப்படுகிறது, அதுவரை கிடைத்ததையெல்லாம் ஏற்றிவிட்டால் அடுத்த வருஷம் முழுவதும் சரக்கு கேட்ட வெளிநாட்டுக்காரர் நம்மிடம்தான் வாங்குவார் என்றான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபுல் லோடு ஓட்டணும்க்கா. அத்தான் என்ன சொல்லுதாவ? மிஷின் தாங்குமா?"

அவன் கேட்டான், தேவா. மிஷின் தாங்குமா என்று வாயைத் திறந்து கேட்டான். அவனை அப்படியே கையைப் பிடித்து மிஷின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் போதும். முற்றம் முப்பது அடிதான். அப்பா அங்கேதான் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சண்டை வரும், ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் நினைத்தேன். "தாங்கும்னுதான் சொன்னாவ. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டிக்கிடலாமாம்" என்று சாமுவிடம் சொன்னேன். முற்றத்தைக் கடந்து வந்து அப்பாவிடம், "சரின்னுட்டான். புதன்கிழமை நிறுத்திருதானாம்" என்றேன். அப்பா, "நல்ல பய" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். நான் ஆபீசில் இருந்தேன். வால்வு வெடித்த சத்தம், அப்புறம் அமோனியா நெடி. மூச்சு இழுத்தால் தொண்டைக்குள் தீ வைத்த மாதிரி. பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். ரெஜினாவும் வெளியே வந்துவிட்டாள். வந்தவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஃப்ரீசரை ஒட்டிய உள் அறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மூன்று பேரைக் காணோம். முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நான் "ரெஜினா, போகாத" என்று கத்தினேன். இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது பெண்ணைத் தேடி மறுபடியும் போனாள். அந்தப் பெண் அதற்குள் பின்கதவு வழியாக வெளியேறிவிட்டது அவளுக்குத் தெரியாது. இந்தத் தடவை அவள் திரும்பி வரவில்லை. சாமுதான் உள்ளே ஓடி ரெஜினாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். உயிர் இருந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது.

சனிக்கிழமை அப்பா வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். வராந்தாவில் சாமு நின்றுகொண்டிருந்தான், கையெல்லாம் கட்டு. அப்பா அவன் கன்னத்தில் அறைந்தார். "புதன்கிழமை நிறுத்துதேன்னு சொன்னியேலே! சொன்னியா இல்லையா?" சாமுவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தான். அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தான். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி வாளியோடு எங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு நேரம் காத்திருந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆமா அத்தான். நான்தான் நிறுத்தல" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அப்பா கம்பெனியை விற்றுவிட்டு மறுபடி மெக்கானிக் வேலைக்குப் போனார். சாமு குடும்பத்தோடு சாத்தான்குளத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு கடை வைத்தான். நீ காலேஜிலிருந்து வந்து, அவன் வீட்டைக் காலி செய்கிற அன்று தெருவில் வைத்து, அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "காசுக்காக ஒரு பொம்பள கண்ணைப் புடுங்கினவன்" என்று சொன்னாய். நான் அங்கேதான் நின்றேன். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், பெரியவர்களை அப்படிப் பேசக் கூடாது என்று புத்தி சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன்.

அப்பா இறந்துபோவதற்கு ஒரு வாரம் முன்னால், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏளா, சாமு அப்படிச் செய்யக்கூடியவன் இல்லையே. எனக்கு அதுதான் இன்னமும் வெளங்கல" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் உடம்பு தாங்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், அவர் கண்ணில் நான் எப்படித் தெரிவேன் என்ற பயம். விளங்காமலேயே போய்விட்டார். தான் வளர்த்துவிட்ட மைத்துனன் தன்னை ஏமாற்றினான் என்ற குழப்பத்தோடு ஒரு நல்ல மனுஷனை அனுப்பிவைத்தேன். இதற்கு மேல் அழுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் தினமும் அழுகிறேன்.

உன் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பம்ப் எப்படிச் செய்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வரதனும் கண்ணனும் மோதிக்கொள்வது உன் கம்பெனிக்கு வந்த நோய் என்று நினைக்காதே. வேகமாக வளர்கிற எந்தத் தொழிலும் இரண்டு பக்கமும் இழுபடத்தான் செய்யும். நிதானமாகச் செய் என்று ஒருவன், சீக்கிரம் செய் என்று ஒருவன் இருக்கத்தான் வேண்டும். ஒருவனை ஜெயிக்க வைத்துவிட்டால் கம்பெனி ஒரு பக்கமாகக் கவிழும். இருவரையும் பிரித்து வைத்துத் தனித்தனியாகத் தடவிக் கொடுத்தால், எங்களுக்கு வந்ததுதான் வரும். நடுவில் இருக்கிறவனுக்கு வேலை சமாதானம் பண்ணுவதில்லை. ஒருவன் சொன்னதை மற்றவன் காதில் அப்படியே, வலிக்க வலிக்க விழச் செய்வதுதான். கத்தட்டும். ஸ்பேனரை எறியட்டும். நீ அறையை விட்டு வெளியே போகாமல் உட்கார்ந்திரு. கடைசியில் அவர்கள் இருவருமே உன்னைக் கேட்காமல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்கு உன் நெஞ்சில் ஒரு சின்ன எரிச்சல் வரும். அதை மட்டும் நம்பாதே. நான் அதை நம்பித்தான் கெட்டேன். இதுவரை வரதனிடமும் கண்ணனிடமும் நீ மாற்றிச் சொன்னவை எவையோ, அவற்றை இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே இருவரையும் எதிரில் வைத்துக்கொண்டு சொல்லிவிடு. அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொள்.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் வேறு இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போன சனிக்கிழமை ரெஜினா வீட்டுக்குப் போனேன். மாதம் ஒரு தடவை பலகாரம் கொண்டு போவது வழக்கம்தான். ஒவ்வொரு தடவையும் என் கையைத் தடவிப் பார்த்து, "எல்லாரும் மறந்துட்டாவ, நீங்க ஒருத்திதான் வாரீங்க டீச்சர்" என்பாள். அந்த வார்த்தையை நான்கு வருஷமாகக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் அசையவில்லை. "அப்போ நான் அந்தத் தம்பியைத்தான் இத்தன நாளா தெனமும் கோயில்ல முழங்கால்ல நின்னு சபிச்சிருக்கேன்" என்றாள். "என்னைத் தூக்கிட்டு வந்த பிள்ளையை." நான் அவள் கையைத் தொட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "இனிமே வராதீங்க டீச்சர்."

மறுநாள் சாத்தான்குளத்துக்குப் போனேன். சாமு கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நான் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கியதும், "எனக்குத் தெரிஞ்சதத்தானக்கா சொல்லுத" என்றான். "அன்னைக்கு ஏன்லே நீ ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அத்தான் ஒன்ன வச்சிருக்க மாட்டாவ. தேவா படிச்சிட்டிருந்தான்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன காரணம். பிறகு, "ரெஜினாட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் என்ன சொன்னாள் என்றும் சொன்னேன். அவன் கடையை அடைத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். ஒரே பஸ்ஸில்தான் தூத்துக்குடிக்கு வந்தோம். எனக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அவன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

ரெஜினா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தெருமுனையில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் போனான். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தான். அவனை வாசல் வரைக்கும் கொண்டுவிட ரெஜினாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் என்னிடம் வந்து நின்று, "நீ வீட்டுக்குப் போக்கா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். கூட வருகிறாயா என்று நானும் மெதுவாகக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். ரெஜினா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. மூச்சு விடாமல் நின்றேன், பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து வந்துவிட்டேன்.

உன் அம்மா